பிரேக் கத்தும்போது வானொலியைக் கூட்டாதீர்கள்

எஸ்.பி.எம். தேர்வு எழுதி முடித்த கையோடு நம் பிள்ளைகள் பலர் தேடிப் போவது ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியைத்தான். பதினேழு வயது நிறைந்திருந்தால் கார் உரிமத்திற்கு விண்ணப்பிக்கலாம். அந்தத் தேர்வில் காரை நகர்த்துவதற்கு முன்பே ஒரு சிறு பகுதி உண்டு. காரின் முன்மூடியைத் திறந்து, 'இது என்ஜின் எண்ணெய், இது குளிர்விக்கும் நீர், இது பிரேக் எண்ணெய்' என்று விரலால் காட்ட வேண்டும். மனப்பாடம் செய்து ஒப்பிக்கிறோம், தேர்ச்சி பெறுகிறோம். அதன்பிறகு நம்மில் பலர் அந்த மூடியைத் திறப்பதே இல்லை.

நானும் அப்படி இருந்தவன்தான். அதனால் நேரவிருந்த விபரீதத்தை இன்று உங்களிடம் சொல்ல வேண்டும் என்று தோன்றுகிறது. பள்ளி விடுமுறை வந்தால் குடும்பத்தோடு கேமரன் மலைக்கும் கெந்திங் மலைக்கும் கார்கள் வரிசை பிடிக்கின்றன. அவற்றுள் சிலவற்றை ஓட்டப் போகிறவர்கள் நீங்கள்.

பல்கலைக்கழகத்தில் மூன்றாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தபோது அப்பா பழைய கார் ஒன்றை வாங்கித் தந்தார். சிறிய கார், மேனுவல் கியர். அதை ஓட்டத் தெரிந்த பெருமைதான் எனக்கு இருந்தது. பராமரிக்க வேண்டும் என்ற எண்ணம் இல்லை. ஒருநாள் பிரேக்கை மிதித்தபோது முன்சக்கரத்திலிருந்து கீச்சென்று ஒரு சத்தம் வந்தது. "என்னடா தம்பி, காடி இப்படிக் கத்துது?" என்று அம்மா கேட்டார். "மழையில நனைஞ்சிருக்கும்மா. ஓட ஓட சரியாயிடும்" என்றேன்.

அதில் பாதி உண்மை இருந்தது. இரவு மழையில் நனைந்த டிஸ்கின்மேல் மெல்லிய துரு படியும். காலையில் முதல் சில பிரேக்குகளில் அது உரசிப் போய்விடும். அதற்குள் சத்தமும் நின்றுவிடும். என் காரின் சத்தமோ மூன்று வாரமாக நிற்கவில்லை. நான் செய்ததெல்லாம் வானொலியின் ஒலியைக் கூட்டியதுதான்.

அந்த நிலையில்தான் அம்மா, பாட்டி, தங்கை மூவரையும் ஏற்றிக்கொண்டு கேமரன் மலைக்குப் போனேன். ஏறும்போது ஒன்றும் தெரியவில்லை. மறுநாள் தாப்பா வழியாக இறங்கினோம். வளைவுக்கு வளைவு பிரேக்கில் கால் வைத்தபடியே, நான்காவது கியரில் வந்தேன். ஏதோ கருகும் வாடை அடித்தது. முன்னால் போகும் காய்கறி லாரியிலிருந்து வருகிறது என்று நினைத்தேன். அடுத்த வளைவில் பிரேக் மிதி பஞ்சை மிதித்ததுபோல உள்ளே போனது. மீண்டும் மிதித்தேன், இன்னும் ஆழமாகப் போனது. கார் வேகம் குறையவில்லை.

மூன்றாவது கியர், இரண்டாவது கியர் என்று இறக்கினேன். என்ஜின் அலறியது, வேகம் கொஞ்சம் தணிந்தது. மிதியை விட்டுவிட்டு மிதித்துக்கொண்டே, கைப்பிரேக்கைச் சிறிது சிறிதாக இழுத்தேன். லாத்தா இஸ்கண்டார் அருவிக்கு எதிரே கார்கள் நிறுத்தும் இடம் வந்தது. அங்கே ஒதுங்கினோம். பாட்டிக்கு நடந்தது தெரியாது, "அருவி பாக்கவா நிறுத்துன?" என்று கேட்டார். எனக்குப் பதில் சொல்ல நாக்கு எழவில்லை.

சக்கரத்திலிருந்து புகை வந்தது. தண்ணீர்ப் போத்தலை எடுத்துக்கொண்டு ஓடினேன். பக்கத்தில் லாரியை நிறுத்தியிருந்த ஓட்டுநர் ஒருவர், "ஊத்தாத தம்பி! டிஸ்க் வெடிச்சிரும். அப்படியே ஆறட்டும்" என்று தடுத்தார். முக்கால் மணி நேரம் கழித்து மிதியை அழுத்திப் பார்த்தேன். பழையபடி கெட்டியாக இருந்தது. "சரியாயிடுச்சு அண்ணே" என்றேன். அவர் தலையை ஆட்டினார். "அதான் ஆபத்து. ஆறுனா சரியாயிட்ட மாதிரிதான் தெரியும். ரெண்டாவது கியர விட்டு மாறாம கீழ போ. வேற எங்கயும் போகாம நேரா பட்டறைக்குப் போ."

தாப்பாவில் ஒரு பட்டறையில் சக்கரத்தைக் கழற்றினார்கள். டிஸ்கை இருபுறமும் கவ்விப் பிடிக்கும் இரண்டு பிரேக் பேட்களை மெக்கானிக் அண்ணன் என் கையில் வைத்தார். வெளிப்பக்கத்துப் பேட் பாதி மிச்சம் இருந்தது. உள்பக்கத்துப் பேட்டில் வெறும் இரும்புத் தகடு. அது டிஸ்கை உழுது வைத்திருந்தது. பிரேக் எண்ணெயைக் கொஞ்சம் எடுத்துக் காட்டினார்; கோப்பி-ஓ நிறத்தில் இருந்தது. "இத மாத்தி எத்தனை வருஷம்?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. அப்பாவுக்கும் தெரியவில்லை.

'பிரேக் திடீரென்று பிடிக்கவில்லை' என்ற சொற்றொடரை விபத்துச் செய்திகளில் அடிக்கடி படிக்கிறோம். அன்றிலிருந்து அதில் வரும் 'திடீரென்று' என்ற சொல்லை நான் எளிதில் நம்புவதில்லை. என் பிரேக் மூன்று வாரம் முன்பே சொல்லிவிட்டது. கேட்காதவன் நான்தான்.

பாடப்புத்தகத்தில் இருந்ததுதான்

எனக்கு அதிக வெட்கம் தந்தது வேறொன்று. அன்று சக்கரத்துக்குள் நடந்ததெல்லாம் நான் பள்ளியில் படித்து நல்ல மதிப்பெண் வாங்கிய பாடங்கள். நான்காம் படிவ இயற்பியலில் வெப்பம், ஐந்தாம் படிவத்தில் பாஸ்கல் விதி.

ஓடும் காரை நிறுத்துவது என்றால் அதன் இயக்க ஆற்றலை வெப்பமாக மாற்றுவது என்று பொருள். ஆட்களோடு சேர்த்து 1,400 கிலோ எடையுள்ள கார் நெடுஞ்சாலையில் 110 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது என்று வைத்துக்கொள்வோம். அதன் இயக்க ஆற்றல் ஏறத்தாழ 650 கிலோஜூல். இரண்டு லிட்டருக்குச் சற்று மேற்பட்ட தண்ணீரை 30 டிகிரி செல்சியஸிலிருந்து கொதிக்க வைக்க அது போதும். ஒரே ஒரு முறை அழுத்தி நிறுத்தினால் அத்தனை வெப்பமும் பெரும்பாலும் நான்கு சக்கரங்களின் பிரேக்குகளில்தான் இறங்குகிறது. அதிலும் முன்சக்கரங்களுக்கே பெரும்பங்கு; ஏனென்றால் பிரேக் பிடிக்கும்போது காரின் பாரம் முன்னால் சாய்கிறது. நம் நாட்டுச் சிறிய கார்கள் பலவற்றில் முன்னால் டிஸ்கும் பின்னால் டிரம்மும் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இனி மலைக்கு வாருங்கள். தானா ராத்தாவிலிருந்து தாப்பாவுக்கு ஏறத்தாழ 1,400 மீட்டர் உயரம் இறங்குகிறோம். அதே காருக்குக் கணக்குப் போட்டால் 19,000 கிலோஜூலுக்கும் மேல் வருகிறது. நெடுஞ்சாலையில் 110 கிலோமீட்டர் வேகத்திலிருந்து ஏறத்தாழ 29 முறை நிறுத்துவதற்குச் சமம். காற்றும் டயரும் அதில் ஒரு பங்கை ஏற்கும். கியரைக் குறைத்தால் என்ஜினும் பெரும்பங்கை ஏற்கும். நான் நான்காவது கியரிலேயே வந்ததால் அந்தச் சுமையையும் பிரேக் தலையில் ஏற்றிவிட்டேன்.

டிஸ்க் பிரேக் இந்த வெப்பத்தைச் சமாளிக்கவே புகழ் பெற்றது. பிரிட்டனில் ஃபிரெடெரிக் லாஞ்செஸ்டர் 1902ஆம் ஆண்டிலேயே அதற்குக் காப்புரிமை பெற்றார். ஆனாலும் 1953இல் டிஸ்க் பிரேக் பூட்டிய ஜாகுவார் கார் பிரான்ஸின் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தை வென்ற பிறகே உலகம் அதைத் திரும்பிப் பார்த்தது. 1955இல் சித்ரோயன் டி.எஸ். கார் அதைப் பெருமளவு உற்பத்திக்குக் கொண்டுவந்தது. டிரம் பிரேக்கில் வெப்பம் மூடிய பானைக்குள் அடைபடுகிறது. டிஸ்கோ திறந்த காற்றில் சுழல்வதால் விரைவில் ஆறுகிறது.

மிதியை அழுத்தும் காலின் விசையைச் சக்கரத்துக்குக் கொண்டுபோவது திரவம். மிதியின் பக்கம் உள்ள பிஸ்டன் 20 மில்லிமீட்டர் விட்டம், சக்கரத்தில் உள்ளது 50 மில்லிமீட்டர் விட்டம் என்று எடுத்துக்கொள்வோம். விட்டம் இரண்டரை மடங்கு. பரப்பளவு ஆறேகால் மடங்கு. அழுத்தம் எங்கும் ஒன்றே என்பதால் விசையும் ஆறேகால் மடங்காகிறது. இதுதான் பாஸ்கல் விதி. திரவம் எளிதில் சுருங்காது என்பதை நம்பித்தான் இந்த ஏற்பாடு முழுவதும் நிற்கிறது. ஆவியும் காற்றும் சுருங்கும். குழாய்க்குள் ஆவிக்குமிழி வந்துவிட்டால் நம் கால் அந்தக் குமிழியை நசுக்குமே தவிர, பேட்டைத் தள்ளாது. நான் மிதித்த 'பஞ்சு' அதுதான்.

பிரேக் எண்ணெய் என்பது எண்ணெய் அல்ல

குமிழி எங்கிருந்து வந்தது? பட்டறையில் பிரேக் எண்ணெய் என்று சொன்னாலும் நம் கார்களில் இருப்பது பெரும்பாலும் கிளைக்கால் வகைத் திரவம். காற்றிலுள்ள ஈரத்தைச் சிறிது சிறிதாக உறிஞ்சுவது அதன் இயல்பு. டாட் 3 தரத்துப் புதிய திரவம் குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்கக் கூடாது என்பது விதி. அதில் 3.7 விழுக்காடு நீர் கலந்துவிட்டால் அந்த வரம்பு 140 டிகிரி. டாட் 4 தரத்துக்கு இந்த எண்கள் 230, 155. ஆண்டு முழுவதும் புழுக்கமும் மழையுமாக இருக்கும் நம் நாட்டில் இந்த ஈரத்தை அலட்சியப்படுத்த முடியாது.

என் காரில் இரண்டு குறைகள் கைகோத்தன. தேய்ந்த பேட் வெப்பத்தைத் தடுக்கவில்லை. நேராக பிஸ்டனுக்கும் திரவத்துக்கும் கடத்தியது. ஆண்டுக்கணக்கில் மாற்றாத திரவம் சீக்கிரமே கொதித்தது. ஆறியதும் ஆவி மீண்டும் நீராகிவிட்டது, மிதியும் கெட்டியானது. அந்த லாரி அண்ணன் இயற்பியல் தேர்வு எழுதியிருக்கமாட்டார். ஆனால் படித்த எனக்குத் தெரியாதது அவருக்குத் தெரிந்திருந்தது.

நீங்கள் பார்க்க வேண்டியவை

இத்தனையும் சொல்வது உங்களை மெக்கானிக் ஆக்குவதற்காக அல்ல. கார் சொல்வதைப் புரிந்துகொள்ளும் காதும் கண்ணும் உங்களுக்கு வேண்டும். அதற்குக் கருவி தேவையில்லை.

முதலில் சத்தம். பல பேட்களில் சிறிய இரும்பு நாக்கு ஒன்று இருக்கும். பேட் தேய்ந்து இரண்டு மூன்று மில்லிமீட்டருக்கு வரும்போது அந்த நாக்கு டிஸ்கை உரசிக் கத்தும். அது கோளாறு அல்ல, எச்சரிக்கை மணி. கீச்சொலி கரகரப்பாக மாறினால் இரும்போடு இரும்பு உரசுகிறது என்று பொருள். அதன்பிறகு பேட்டோடு டிஸ்கையும் மாற்ற வேண்டிவரும். பேட் மட்டும் மாற்றியிருந்தால் ஆகியிருக்கும் செலவைப் போல் நான்கு மடங்கு அன்று தாப்பாவில் கட்டினேன்.

அடுத்து, பேட்டின் தடிமன். புதிய முன்சக்கரப் பேட்டின் உராய்வுப் பகுதி பொதுவாகப் பத்து மில்லிமீட்டரையொட்டி இருக்கும். மூன்று மில்லிமீட்டருக்கு வந்தால் மாற்றிவிடுவது நல்லது. சக்கரத்தின் இடைவெளி வழியாகக் கைவிளக்கு அடித்துப் பார்த்தால் வெளிப்பக்கத்துப் பேட் தெரியும். ஆனால் என் காரில் அந்தப் பேட் நன்றாகத்தான் இருந்தது! பேட்டைத் தாங்கும் கேலிப்பர் இரண்டு ஊசிகளின்மேல் முன்னும் பின்னும் நகர வேண்டும். ஊசி துருவேறி இறுகிவிட்டால் உள்பேட் மட்டுமே முழு வேலையும் செய்து தேய்ந்துபோகும். ஆகவே பட்டறையில் சக்கரத்தைக் கழற்றும்போதெல்லாம், "அண்ணே, உள்பேட் எப்படி இருக்கு? ஊசி நகருதா?" என்று கேளுங்கள். அந்த ஊசிகளைத் துடைத்து, அதற்குரிய சிலிக்கோன் கிரீஸ் பூசச் சில நிமிடங்கள் போதும். சாதாரண கிரீஸ் வேண்டாம். அது ரப்பர் உறைகளை ஊதச் செய்துவிடும்.

மூன்றாவது, பிரேக் திரவம். மாதம் ஒருமுறை முன்மூடியைத் திறந்து பாருங்கள். திரவக் கிண்ணத்தில் மேல்கோடு, கீழ்கோடு இரண்டு இருக்கும். பேட் தேயத் தேய பிஸ்டன் வெளியே வருவதால் திரவ மட்டமும் மெல்ல இறங்கும். இறங்கியிருக்கிறதே என்று ஊற்றி நிரப்பிவிட்டுப் போவது தவறு. முதலில் பேட்டைப் பார்க்கச் சொல்லுங்கள். பேட் நன்றாக இருந்தும் மட்டம் இறங்கினால் எங்கோ கசிகிறது என்று பொருள். தேன் நிறத்தில் இருந்தது கறுத்திருந்தால் மாற்றும் காலம் கடந்துவிட்டது. நிறம் மாறாவிட்டாலும் கார்க் கையேடு சொல்லும் காலத்தில் மாற்ற வேண்டும். பல கார்களுக்கு அது இரண்டு ஆண்டு.

நான்காவது, காலுக்கும் கைக்கும் தெரிவது. மிதி அதிர்ந்தால் டிஸ்கின் தடிமன் சீராக இல்லாமல் இருக்கலாம். கார் ஒரு பக்கம் இழுத்தால் ஒரு சக்கரத்துக் கேலிப்பர் இறுகியிருக்கலாம். டிஸ்கின்மேல் குறைந்தபட்சத் தடிமன் பொறிக்கப்பட்டிருக்கும். அதற்குக் கீழே தேய்ந்ததைச் சீவிப் பயன்படுத்தக் கூடாது. அவசரமாக மிதிக்கும்போது மட்டும் மிதி தடதடத்தால் அது ஏ.பி.எஸ். வேலை செய்வதன் அடையாளம்; பயந்து காலை எடுத்துவிடாதீர்கள்.

ஐந்தாவது, மலையிறக்கம். ஏறிய கியரிலேயே இறங்குங்கள் என்பது பழைய ஓட்டுநர்களின் விதி. ஆட்டோ கியர் காரிலும் 'டி'யிலேயே விடாமல் 'எஸ்', 'எல்', '2' என்று உங்கள் காரில் உள்ள குறைந்த நிலைக்கு மாற்றுங்கள். பிரேக்கில் கால் வைத்தபடியே இறங்காதீர்கள். அழுத்தி வேகத்தைக் குறைத்துவிட்டுக் காலை எடுங்கள். பெட்ரோல் மிச்சம் என்று என்ஜினை அணைத்துவிட்டு உருட்டுவது தற்கொலைக்கு ஒப்பானது. என்ஜின் நின்றால் பிரேக்குக்குத் துணைசெய்யும் விசையும் இரண்டு மூன்று மிதிகளில் தீர்ந்துவிடும்.

கையை வைக்கும் முன்

காணொலி பார்த்துத் தாமே பேட் மாற்றும் இளையோர் இன்று அதிகம். ஆர்வத்தைப் பாராட்டுகிறேன். ஆனால் முதல் இரண்டு மூன்று முறை தெரிந்தவர் அருகில் இருக்கட்டும். ஜாக்கை மட்டும் நம்பாமல் தாங்கிகளை வையுங்கள். கேலிப்பரை அதன் ரப்பர் குழாயில் தொங்கவிடாதீர்கள். கம்பியால் கட்டித் தொங்கவிடுங்கள். பிரேக் தூசியைக் காற்றடித்து ஊதாதீர்கள். முகக்கவசம் அணிந்து, அதற்குரிய திரவம் தெளித்துத் துடையுங்கள். பழைய பேட்களில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்ததுண்டு. அது புற்றுநோய் தருவது. மின்சாரக் கைப்பிரேக் உள்ள புதிய கார்களில் பின்சக்கரப் பிஸ்டனை வெறுமனே தள்ளக் கூடாது. முதலில் அதைப் பராமரிப்பு நிலைக்கு மாற்ற வேண்டும்.

எல்லாவற்றிலும் முக்கியமானது கடைசி வேலை. பேட் மாற்றியதும் காரை நகர்த்துவதற்கு முன் மிதி கெட்டியாகும் வரை பலமுறை மிதியுங்கள். இதை மறந்தவரின் முதல் மிதி தரைவரை போகும். கார் எதிர்ச்சுவரில் போய் நிற்கும். பிறகு, ஆளில்லாத சாலையில் மிதமான வேகத்திலிருந்து எட்டுப் பத்து முறை மென்மையாகப் பிரேக் பிடித்துப் புதிய பேட்டை டிஸ்கோடு பழக்குங்கள்.

யாரும் கேட்கமாட்டார்கள்

மலேசியாவில் லாரி, பேருந்து போன்ற வர்த்தக வாகனங்கள் ஆறு மாதத்திற்கு ஒருமுறை பரிசோதனைக்குப் போக வேண்டும். நம் வீட்டுக் காருக்கு அப்படி ஆண்டுதோறும் கட்டாயப் பரிசோதனை இல்லை. சிங்கப்பூரில் மூன்று ஆண்டு கடந்த காருக்கு ஈராண்டுக்கு ஒருமுறை, பத்து ஆண்டு கடந்தால் ஆண்டுக்கு ஒருமுறை என்று விதி இருக்கிறது. இங்கே சாலை வரியும் காப்புறுதியும் புதுப்பிக்கிறோம். பிரேக் எப்படி இருக்கிறது என்று எவரும் கேட்பதில்லை. இந்த விதி மாற வேண்டும் என்பது என் கருத்து. பழைய கார்களுக்காவது பரிசோதனை வேண்டும். செலவு கூடும் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். பழைய கார் வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் வசதி குறைந்தவர்கள் என்பதும் உண்மை. கட்டணத்தைக் குறைவாக வைத்து அதைச் சரிசெய்யலாம். அதுவரை பரிசோதகர் வேலையை வீட்டில் ஒருவர்தான் ஏற்க வேண்டும். அந்த ஒருவர் நீங்களாக இருங்கள்.

இது ஆண் பிள்ளைகளின் வேலை என்று தங்கைமார் ஒதுங்க வேண்டாம். அன்று பின்னிருக்கையில் பாட்டியின் கையைப் பிடித்துக்கொண்டிருந்த என் தங்கை, இன்று தன் காரைப் பட்டறைக்கு விட்டால் கழற்றிய பழைய பேட்களை வாங்கிப் பார்க்காமல் பணம் கட்டுவதில்லை. உள்பேட்டையும் வெளிப்பேட்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்ப்பார். மெக்கானிக்குகள் அதைத் தவறாக எடுத்துக்கொள்வதில்லை. நல்ல மெக்கானிக் கேள்வி கேட்பவருக்கு விளக்கம் சொல்லத் தயங்கமாட்டார்.

இந்தச் சனிக்கிழமை உங்களுக்கு ஒரு வீட்டுப்பாடம். அப்பாவின் கார் அல்லது அம்மாவின் கார், எதுவானாலும் சரி. முன்மூடியைத் திறந்து பிரேக் திரவத்தின் மட்டத்தையும் நிறத்தையும் பாருங்கள். சக்கரத்தின் இடைவெளியில் கைவிளக்கு அடித்துப் பேட்டைப் பாருங்கள். பிறகு வீட்டில் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "பிரேக் எண்ணெய் கடைசியாக எப்போது மாற்றினோம்?" யாருக்கும் பதில் தெரியவில்லை என்றால், மலைக்குப் போகும் திட்டத்துக்கு முன் பட்டறைக்குப் போகும் திட்டத்தைப் போடுங்கள்.